ஒரே நச்சுக்கொடி ட்வின்ஸ், ஒரு பாப்பாவுக்கு இதயம் பெருசா இருக்குன்னு ரிப்போர்ட்... தெரிஞ்சவங்க சொல்லுங்க

கரூர்காரி:

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கச்சிக்காகத்தான் எழுதறேன். அவளுக்கு இப்ப 19 வாரம், ரெட்டைக் குழந்தை. வீட்டுக்காரர் கத்தார்ல இருக்கார், அதனால ஆஸ்பத்திரி ஸ்கேன்னு எல்லாத்துக்கும் நான்தான் கூட்டிட்டுப் போறேன். மூணாம் மாச ஸ்கேன்லயே ரெண்டு பாப்பாவுக்கும் ஒரே நச்சுக்கொடி, பை மட்டும் தனித்தனி, எம்சிடிஏன்னு எழுதியிருந்தாங்க. 16 வாரத்துல இருந்து ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை ஸ்கேனுக்கு வரணும், விடவே கூடாதுன்னு டாக்டரம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க, நாங்களும் விடல. போன ஸ்கேன் நல்லாத்தான் இருந்துச்சு.

இந்தவாட்டி ஒரு பாப்பாவைச் சுத்தி தண்ணி 8.6 சென்டிமீட்டர், இன்னொரு பாப்பாவுக்கு 1.7 தான் இருக்குன்னு சொல்றாங்க. ரெண்டு பேருக்கும் மூத்திரப்பை தெரியுது. ஆனா தண்ணி ஜாஸ்தியா இருக்கற பாப்பாவுக்கு இதயம் கொஞ்சம் பெருசு, இதயத்தோட வலது பக்க ட்ரைகஸ்பிட் வால்வுல ரத்தம் லேசா திரும்பி வருது, டிடிடிஎஸ் (ஒரு பாப்பாவோட ரத்தம் இன்னொரு பாப்பாவுக்குப் போறதாம்) ஸ்டேஜ் 1, உடனே வயித்துல இருக்கற பாப்பாவுக்கு வைத்தியம் பாக்கற ஃபீட்டல் மெடிசின் டாக்டரைப் பாத்து, பாப்பா இதயத்தைப் பாக்கற ஸ்கேன், ஃபீட்டல் எக்கோ எடுங்கன்னு எழுதியிருக்காங்க.

எனக்கு விளங்காதது என்னன்னா, நல்லா வளந்து தண்ணியோட சவுகரியமா இருக்கற பாப்பாவுக்குத்தான் இதயப் பிரச்சனையாம், ஒல்லியா இருக்கற பாப்பாவுக்கு இதயம் நார்மலாம். இது எப்படி? இதயத்துல ஓட்டைங்கறாங்களே அது மாதிரியா? தங்கச்சி மாமியார் பாவம் பயந்துபோய், அலையவேணாம், ரெண்டு வாரம் படுத்தே இருந்து நல்லா சாப்ட்டா சின்னக் குழந்தைக்கும் தண்ணி ஊறிடும்கறாங்க. இவளுக்கோ ஒரே வாரத்துல வயிறு கல்லு மாதிரி இறுகிப்போச்சு, ராத்திரி மல்லாக்கப் படுக்க முடியல, ஒருக்களிச்சாலும் மூச்சு வாங்குதுங்கறா. இவளை இப்படியே ரெண்டு வாரம் வீட்ல வெச்சிருக்கலாமா, இல்ல உடனே கிளம்பணுமா?

ஸ்கேன்ரூம்:

நான் ஃபீட்டல் மெடிசின்ல வேலை பாக்கறவன். ரிப்போர்ட்டை நேர்ல பாக்காம முடிவு சொல்ல முடியாது, ஆனா நீங்க எழுதினது வெச்சே சொல்றேன், ரெண்டு வாரம் வெயிட் பண்ணாதீங்க சிஸ்டர். நாளைக்கே கிளம்புங்க. தண்ணி ஒரு பக்கம் 8க்கு மேல, இன்னொரு பக்கம் 2க்குக் கீழன்னா அதுதான் டிடிடிஎஸ்க்கு வெச்சிருக்கற கணக்கு, அதோட அம்மாவுக்கு வயிறு இறுகி மூச்சு வாங்குதுன்னா பக்கத்து சிட்டில, ரெண்டு பாப்பாவையும் இணைக்கற ரத்தக்குழாயை அடைக்கற லேசர் வசதி இருக்கற ஃபீட்டல் மெடிசின் சென்டருக்கு இன்னைக்கே போன் பண்ணி விஷயத்தைச் சொல்லிடுங்க, கோயம்புத்தூரோ சென்னையோ. படுத்து இருந்தாலோ சாப்பாட்டாலோ இது சரியாகாது. அதே மாதிரி உங்க தங்கச்சி ஏதோ செஞ்சதாலயோ செய்யாததாலயோ இது வரவும் இல்ல, இதை மாமியாருக்கும் சேத்து சொல்லுங்க.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். ஒரே நச்சுக்கொடின்னா ரெண்டு பாப்பாவோட ரத்தக்குழாயும் அந்தக் கொடியோட மேல்பரப்புல ஒண்ணோட ஒண்ணு சேர்ந்திருக்கும். இது கிட்டத்தட்ட எல்லா எம்சிடிஏ கர்ப்பத்துலயும் உண்டு. பெரும்பாலும் இவங்ககிட்ட இருந்து அவங்களுக்கும் அவங்ககிட்ட இருந்து இவங்களுக்கும் சரிக்குச் சரியா போய் வந்துட்டு இருக்கும், ஒரு தொந்தரவும் வராது. 100 பேர்ல 10, 15 பேருக்கு மட்டும் ஓட்டம் ஒரே பக்கமா சாஞ்சுடும். ஒரே வாய்க்கால்ல ரெண்டு வயல் பாயுது, ஒருத்தர் மடையை அடைச்சுட்டா ஒரு வயல் காஞ்சு இன்னொண்ணு முங்கிப்போற மாதிரின்னு வெச்சுக்கோங்க. குடுக்கற பாப்பாவை டோனர்னும் வாங்கற பாப்பாவை ரெசிபியன்ட்னும் சொல்வோம்.

டோனருக்கு ரத்தம் கம்மி, அதனால கிட்னிக்குப் போற ரத்தமும் கம்மி, மூத்திரம் கம்மி. இந்த மாசத்துல பனிக்குடத் தண்ணிங்கறதே பெரும்பாலும் பாப்பா போற மூத்திரம்தான், அதனால அந்தப் பைல தண்ணி வத்துது. ரெசிபியன்டுக்கு ரத்தம் ஜாஸ்தி, மூத்திரம் ஜாஸ்தி, தண்ணி ஏறுது, தங்கச்சி வயிறு இறுகுது. இது வரைக்கும் எல்லாருக்கும் சொல்லிடுவாங்க, இதயத்துக்கு என்ன ஆகுதுங்கறதைத்தான் பலபேர் விளக்கமா சொல்றதில்ல. டோனர் பாப்பா உடம்பு ரத்தம் பத்தலன்னு உணர்ந்து பிரஷரை ஏத்தறதுக்காக ரெனின் மாதிரி சமாச்சாரங்களைச் சுரக்க ஆரம்பிக்கும். அது ரத்தத்தோடயே அந்த இணைப்பு வழியா ரெசிபியன்டுக்கும் போய் சேந்துடுது. ஆக, ஏற்கனவே ரத்தம் நிறைஞ்சு தத்தளிக்கற பாப்பாவுக்கு, பிரஷரை ஏத்தற ஹார்மோனும் வந்து இறங்குது. ரெண்டு சுமையும் ஒரே இதயத்து மேல. அதனால தசை தடிக்கும், இதயம் பெருசாகும், ட்ரைகஸ்பிட் வால்வு ஒழுக ஆரம்பிக்கும், குறிப்பா வலது பக்கம்தான் அதிகமா அடிவாங்கும். ரொம்ப முத்திப்போனா நுரையீரலுக்குப் போற பாதையே குறுகி பல்மனரி வால்வு சரியா தொறக்காமப் போகும், உடம்புல நீர் கோத்துக்கும். பெரிய பாப்பாவுக்கு ஏன் பிரச்சனைன்னு கேட்டீங்கல்ல, காரணம் இதான். உங்க ரிப்போர்ட் சொல்றது இந்தச் சுமையைத்தான், ஓட்டை இல்ல. இதயம் சரியா உருவாகியிருந்தாலும் சுமை தாங்காம இப்படி ஆகும்.

ஆனா ஓட்டை, வால்வுக் கோளாறு மாதிரி பிறவிக் குறையும் இருக்கான்னு தனியா பாத்தே ஆகணும். சாதாரணமா பொறக்கற குழந்தைகள்ல 100க்கு ஒண்ணுக்குக் கொஞ்சம் கம்மியா இதயக் குறை இருக்கும். ஒரே நச்சுக்கொடி ட்வின்ஸ்ல அது சுமார் ஆறு மடங்கு. ரெண்டும் ஒரே கருவுல இருந்து பிரிஞ்சு ஒரே ஜீனோட இருந்தும், பெரும்பாலும் ஒரு பாப்பாவுக்குத்தான் குறை இருக்கும், இன்னொண்ணுக்கு இருக்காது. அதனாலதான் டிடிடிஎஸ் வந்தாலும் வராட்டியும் எம்சிடிஏன்னா 18ல இருந்து 22 வாரத்துக்குள்ள ஃபீட்டல் எக்கோ எடுக்கச் சொல்றோம், ரெண்டு பாப்பாவுக்கும்.

இன்னொண்ணு, ஸ்டேஜ் 1ன்னு பாத்துட்டு நிம்மதி ஆயிடாதீங்க. அது 1999ல குவின்டெரோங்கற டாக்டர் வகுத்த கணக்கு. தண்ணி அளவு, டோனரோட மூத்திரப்பை தெரியுதா, டாப்ளர்ல ரத்த ஓட்டம் எப்படி, நீர் கோத்திருக்கா, உயிர் இருக்கா, இவ்வளவுதான் அதுல வரும். இதயம் எவ்வளவு கஷ்டப்படுதுங்கறது அந்தக் கணக்குல கிடையாது. ஸ்டேஜ் 1லயே ரெசிபியன்ட் இதயம் சிரமப்படறதை நாங்க அடிக்கடி பாக்கறோம். அதனாலதான் பிலடெல்பியா குழந்தைகள் ஆஸ்பத்திரி டாக்டர்கள் இதயத்துக்குன்னு தனி ஸ்கோரே போட்டாங்க. எக்கோ எடுக்கறவர்கிட்ட, எத்தனை வால்வு ஒழுகுது, தசை தடிச்சிருக்கா, பல்மனரி வால்வு வழியா ரத்தம் முன்னோக்கிப் போகுதா, இதயத்துக்கு ரத்தம் கொண்டு வர்ற டக்டஸ் வீனோசஸ்ங்கற குழாய்ல ஏ வேவ்ங்கற ரத்த ஓட்ட அலை எப்படி இருக்கு, இந்த நாலையும் கேட்டு எழுதி வாங்கிட்டு வாங்க.

ரெண்டுகுட்டிஅம்மா:

அக்கா, எனக்கும் இதேதான், என் பொண்ணுங்க இப்ப ஸ்கூல் போறாங்க. ஸ்கேன்ரூம் சார் எழுதினதை அன்னைக்கு எங்களுக்கு யாராவது சொல்லியிருந்தா எவ்வளவோ தைரியமா இருந்திருக்கும்.

எனக்கு ஃபீட்டல் எக்கோ எடுத்தப்ப டாக்டர் ஸ்கிரீனை என் பக்கம் திருப்பிக் காட்டினாங்க. திராட்சை அளவு கூட இருக்குமான்னு தெரியல, அவ்ளோண்டு இதயம், கலர் ஆன் பண்ணதும் செவப்பும் நீலமுமா ஓடுது. ஒவ்வொரு துடிப்புக்கும் மேல் அறைக்குள்ள ஒரு மெல்லிசான கோடு பின்பக்கமா பாயுது, பாருங்கம்மா இதான் ஒழுகறதுன்னு சொன்னாங்க. அப்புறம் டோனர் பாப்பாவைத் தேடினா, அது கருப்பைச் சுவத்தோட ஓரமா ஒட்டிக்கிட்டு அசையாம இருக்கு, அந்தப் பையோட சவ்வு அது உடம்பு மேலயே படிஞ்சிருந்துச்சு, சவ்வே தெரியல. நான் அதைப் பாத்துட்டு அது ஏன் நகரவே மாட்டேங்குதுன்னு அழுதுட்டேன். தண்ணி இல்லாம நகர இடம் இல்லம்மா, உயிரோடதான் இருக்குன்னு கையைப் புடிச்சு சொன்னாங்க.

லேசர் பண்ணாங்க. பயப்படற மாதிரி பெரிய ஆபரேஷன் இல்லக்கா, வயித்துல சின்னதா ஒரு துளை, அது வழியா ரெண்டு மூணு மில்லிமீட்டர் கனமுள்ள கேமரா, நச்சுக்கொடி மேல ரெண்டு பேரையும் இணைக்கற குழாயை ஒவ்வொண்ணா தேடிச் சுட்டு அடைச்சாங்க, கடைசில அதிகமா இருந்த தண்ணியையும் எடுத்துட்டாங்க. நான் முழிச்சுட்டுத்தான் இருந்தேன். தண்ணி எடுத்ததும் மூச்சு விட முடிஞ்சது பாருங்க, அதை மறக்கவே முடியாது. அடுத்தடுத்த ஸ்கேன்ல அந்தப் பின்னால பாயற கோடு மெலிசாகிட்டே வந்து ஒருநாள் காணாமயே போச்சு. தங்கச்சிகிட்ட சொல்லுங்க, லேசர் நேரத்துல கூட வர ஆள் நீங்களா இருந்தா நல்லது, வீட்டுக்காரர் இல்லன்னு அவ மனசு ஒடஞ்சுடக் கூடாது.

நெல்லைச்சீமை:

சும்மா பயமுறுத்தாதீங்க எல்லாரும். எங்க சித்திக்கு ரெட்டைப் பிள்ளைதான், அந்தக் காலத்துல இந்த ஸ்கேன்லாம் ஏது, ரெண்டும் நல்லா சுகமா பொறந்து இப்ப பேரன் பேத்தி எடுத்தாச்சு. அந்தப் பொண்ணை நிம்மதியா இருக்க விடுங்க, எதையாவது சொல்லி ஆஸ்பத்திரிக்காரங்க காசு புடுங்கப் பாப்பாங்க.

ஸ்கேன்ரூம்:

உங்க சித்தி நல்லா இருக்கறது சந்தோஷம் அண்ணாச்சி. ஆனா ரெட்டைன்னா எல்லாம் ஒண்ணு இல்ல. நச்சுக்கொடி தனித்தனியா இருந்தா இந்தப் பிரச்சனையே வராது, உலகத்துல பெரும்பாலான ட்வின்ஸ் அப்படித்தான். ஒரே கொடின்னாலும் பாதிக்கு மேல நல்லபடியாத்தான் முடியும். அந்தக் காலத்துல ரெண்டாவது பிள்ளை தங்கல, ஒண்ணு வயித்துலயே போயிடுச்சுன்னு சொன்ன வீடுகளும் இருந்துச்சு, ஏன்னு யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். இந்தப் பொண்ணு விஷயத்துல ரிப்போர்ட்டே கைல இருக்கு, தண்ணி வித்தியாசம் இருக்கு, இதயம் பெருசா இருக்கு. வைத்தியம் எதுவும் பண்ணாம விட்டா முத்தின டிடிடிஎஸ்ல ரெண்டு பிள்ளையும் போறதுதான் அதிகம். தயவுசெஞ்சு அவங்களை நிறுத்தி வெக்காதீங்க.

மதுரைஅப்பா:

என் பையன் ரெசிபியன்ட் பாப்பாவா இருந்தவன். இங்க யாரும் இன்னும் சொல்லாத ஒண்ணைச் சொல்றேன், பொறந்தப்புறம் இதயத்தை மறந்துடாதீங்க. எங்களுக்கு லேசர் நல்லபடியா முடிஞ்சுது, வால்வு ஒழுகறதும் நின்னுது, டெலிவரியும் ஆச்சு, எல்லாம் முடிஞ்சுதுன்னு வீட்டுக்குக் கிளம்பற நேரத்துல என்ஐசியு (பச்சைக் குழந்தைங்க தீவிர சிகிச்சைப் பிரிவு) டாக்டர்தான் ரெண்டு பேருக்கும் எக்கோ எடுக்காம அனுப்ப மாட்டேன்னு நின்னார். ரெசிபியன்டா இருந்த இவனுக்கு பல்மனரி வால்வு சரியா தொறக்கல, பல்மனரி ஸ்டெனோசிஸ்னு சொன்னாங்க. பையன் பாக்க கொழுகொழுன்னு நல்லா பால் குடிச்சுட்டு இருந்தான், ஒரு அறிகுறியும் இல்ல. கொஞ்ச நாள் ஃபாலோ அப்ல வெச்சுப் பாத்தாங்க, பிரஷர் ஏறிட்டே போச்சு, அப்புறம் தொடை வழியா கதீட்டர் விட்டு பலூனால வால்வை விரிச்சு விட்டாங்க. நெஞ்சைத் தொறக்கல. இப்ப தெருவுல கிரிக்கெட் ஆடறான், வருஷத்துக்கு ஒருதடவை எக்கோ.

செலவைப் பத்தி சொல்றேன். பிறவி இதயக் கோளாறுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல சிகிச்சை வரும், கார்டு இல்லன்னா இப்பவே எடுத்து வைங்க, ரேஷன் கார்டும் வருமான சான்றிதழும் வேணும், பிள்ளை பொறந்தப்புறம் கைக்குழந்தையோட தாலுகா ஆபீஸ்ல நிக்க முடியாது. கார்டு இருந்தா கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற காப்பீட்டு மையத்துல கேட்டு வெச்சுக்கோங்க. வயித்துக்குள்ள பண்ற லேசருக்கு அது வருமாங்கறதை அந்தந்த ஆஸ்பத்திரில தனியா கேளுங்க, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

கரூர்காரி:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. மறுநாளே கிளம்பிட்டோம், மாமியாரும் கூடவே வந்துட்டாங்க, ஸ்கேன்ரூம் சார் எழுதினதை அப்படியே சத்தமா படிச்சுக் காட்டினேன், ஒண்ணுமே பேசாம பையை எடுத்துட்டு வந்து வண்டில ஏறிட்டாங்க.

ஃபீட்டல் எக்கோ முடிஞ்சுது. ஓட்டை எதுவும் இல்ல, ரெண்டு பேருக்கும் இதய அமைப்பு சரியா இருக்காம். ரெசிபியன்ட் பாப்பாவுக்கு ட்ரைகஸ்பிட் வால்வு ஒழுகறது கூடியிருக்கு, இடது பக்க மைட்ரல் வால்வும் லேசா ஒழுக ஆரம்பிச்சிருக்கு, தசை தடிச்சிருக்கு. பல்மனரி வழியா ரத்தம் போகுது, ஏ வேவ் இன்னும் சரியா இருக்குன்னு எழுதிக் குடுத்தாங்க. டோனர் பாப்பாவோட மூத்திரப்பை இப்ப தெரியலயாம், ஸ்டேஜ் 2 ஆயிடுச்சு. நாளைக்கு காலைல லேசர். தங்கச்சி கேக்கச் சொன்னது ரெண்டு. லேசர் பண்ணா அந்த ஒல்லிப் பாப்பாவுக்கு ஏதாவது ஆயிடுமா? அப்புறம், ரெண்டுல ஒண்ணுக்கு ஏதாவது ஆனா இன்னொண்ணு என்ன ஆகும்? இதை நேர்ல டாக்டர்கிட்ட கேக்க அவளுக்கு வாய் வரல.

ஸ்கேன்ரூம்:

அவங்க கேட்டது சரியான கேள்வி, நேரடியாவே பதில் சொல்றேன், தங்கச்சியையும் படிக்கச் சொல்லுங்க.

லேசர்ல ஆபத்தே இல்லன்னு யாரும் சொல்ல முடியாதும்மா. அனுபவம் உள்ள சென்டர்ல 100 பேருக்குப் பண்ணா 85, 90 பேருக்குக் குறைஞ்சது ஒரு குழந்தையாவது பிழைக்கும், ரெண்டும் பிழைக்கறது 60ல இருந்து 70. ஒல்லிப் பாப்பாவுக்கு கொடில எவ்வளவு பங்கு இருக்குங்கறதைப் பொறுத்து அதுக்கு ரிஸ்க் கொஞ்சம் உண்டு. ஆனா இப்ப அது ரத்தம் இழந்துட்டே இருக்கு, லேசர் அதை நிறுத்தும். முதல் சில நாள் திடீர்னு ரத்தம் கூடறதால டோனருக்கு வயித்துல லேசா நீர் தெரியலாம், பெரும்பாலும் தானே வடிஞ்சுடும், அதைப் பாத்து பயந்துடாதீங்க. 2004ல ஐரோப்பால லேசரையும் தண்ணியை மட்டும் எடுத்து விடறதையும் வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, குறைஞ்சது ஒரு குழந்தையாவது பொறந்து 28 நாள் தாண்டினது லேசர்ல 76 சதவீதம், தண்ணி எடுத்ததுல 56. அதுக்கப்புறம்தான் எல்லாரும் லேசரை முதல்ல வெச்சோம்.

ரெண்டாவது கேள்வி. குழாய் இணைப்பு தொறந்திருக்கற நிலைல ஒரு குழந்தை இறந்துட்டா, இன்னொரு குழந்தையோட ரத்தம் சட்டுனு அந்தப் பக்கம் இறங்கிடும். பிரஷர் விழுந்து 100ல 15 வாட்டி அதுவும் போயிடும், பிழைச்சா நாலுல ஒண்ணுக்கு மூளைல பாதிப்பு வர வாய்ப்பு உண்டு. லேசர்ல அந்த இணைப்பை எல்லாம் அடைச்சப்புறம் ரெண்டு பேரோட ரத்த ஓட்டமும் தனித்தனி ஆயிடுது, ஒருத்தருக்கு ஏதாவது ஆனாலும் மத்தவங்களைக் காப்பாத்த அது வேலி. நாங்க சீக்கிரம் பண்ணச் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ரெசிபியன்டோட இதயம், இணைப்பு அடைஞ்சதும் சில வாரத்துல பெரும்பாலும் தேறிடும். மதுரைஅப்பா சொன்ன மாதிரி சிலருக்கு பல்மனரி வால்வு மட்டும் பின்தங்கும், அதனால பொறந்ததும் எக்கோ கட்டாயம், ரெண்டு பேருக்கும்.

நாளைக்கு டாக்டர்கிட்ட நீங்க கேக்க வேண்டியது, குழாய்களை அடைச்சப்புறம் கொடியோட குறுக்கால முழுக் கோடும் சுடுவாங்களா, அதை சாலமன் முறைம்போம். 2014ல வந்த ஆய்வுல, அப்படிப் பண்ணா பிரச்சனை திரும்ப வர்றதும், மிச்சம் விட்டுப்போன பொடிக்குழாய் வழியா ஒருத்தருக்கு ரத்தசோகை வர்ற டேப்ஸும் குறையுதுன்னு தெரிஞ்சுது. முடிஞ்சப்புறம் தண்ணி கசிவு, காய்ச்சல், ரத்தப்போக்கு, வயிறு விட்டுவிட்டு இறுகறது எது வந்தாலும் போன்ல கேட்டுட்டு இருக்காம நேரா போயிடுங்க. ஸ்கேன் ஆரம்பத்துல வாராவாரம், அதுல மூளை ரத்தக்குழாய் டாப்ளர் ரெண்டு பாப்பாவுக்கும் பாக்கச் சொல்லுங்க, அதுலதான் டேப்ஸ் தெரியும். கர்ப்பப்பை வாய் நீளமும் அளக்கணும். டெலிவரி சீக்கிரமே ஆகலாம், அதனால நல்ல என்ஐசியு இருக்கற இடத்தை இப்பவே பேசி வைங்க, கரூர்ல இருந்து எவ்வளவு நேரம்னும் பாத்துக்கோங்க.

டிஸ்சார்ஜ் சம்மரில எந்தப் பாப்பா டோனர், எந்தப் பாப்பா ரெசிபியன்ட், லேசர் எந்த வாரத்துல, கடைசி எக்கோல வால்வு எப்படி இருந்துச்சுங்கறதை எழுதி வாங்கி, ஃபோட்டோ எடுத்து கத்தாருக்கும் அனுப்பிடுங்க. பிரசவத்தன்னைக்கு குழந்தை டாக்டர் முதல்ல கேக்கறது அதைத்தான்.